நிலா வாட்சும் தாண்டின பிள்ளையும்

நிலாவில் மனிதன் கால் வைத்ததற்கும், குற்றாலத்துக்குக் கீழே இலஞ்சி போகிற பாதையில் ஒரு பெண் பிள்ளை குட்டையாகப் போனதற்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். வல்லிநாயகம் சிரிக்க மாட்டார். அவர் முன்னால் அந்தப் பேச்சை எடுத்தவனுக்குப் பல் மிஞ்சாது. ஊருக்கு இது தெரியும். அதனால் எல்லாவற்றையும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் பேசினார்கள். அதற்கு என்றைக்கு ஊரில் ஆள் பஞ்சம் இருந்திருக்கிறது?

வல்லிநாயகம் எண்ணெய் தேய்க்கிறவர். அருவியில் போய் நிற்பதற்கு முன் உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து உருவிவிட்டுக்கொண்டால்தான் குற்றாலக் குளியல் குளியலாக இருக்கும். பெரிய அருவிக்குப் பக்கத்துப் பாறையில் தேய்க்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஓர் இடம், அப்பனுக்குப் பிறகு மகனுக்கு. வல்லிநாயகத்தின் கை பட்டால் நோவு கழன்று ஓடும் என்று பெயர். வாய் மட்டும் அந்தக் கைக்கு நேர் எதிர். "என்ன வேய், ஒடம்ப இப்படி மூட்ட கணக்கா வச்சிருக்கீரு? வீட்டுல வேல ஒண்ணும் கெடயாதா?" என்று வைதுகொண்டேதான் தேய்ப்பார். திட்டு வாங்கினவர்கள் மறு வருஷத்துச் சாரல் மழைக்கும் அவரையே தேடிக்கொண்டு வருவார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தேய்க்கிறவன் கை எந்நேரமும் எண்ணெயாக இருக்கும். ஆகவே குளிக்க வந்தவர்களின் செயின், மோதிரம், வாட்ச் எதையும் அவன் தொடக் கூடாது. அவன் கழுத்தில் ஒரு துணிப்பை தொங்கும். குளிக்கிறவரே கழற்றித் தன் கையால் அதற்குள் போட வேண்டும். குளித்துவிட்டு வந்து தன் கையாலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. அந்தப் பையை நம்பித்தான் அந்தப் பாறையில் இருந்த அத்தனை பேர் வீட்டிலும் உலை கொதித்தது.

எழுபத்து மூன்றாம் வருஷத்துச் சாரலில் சங்கரபாண்டி என்று ஒரு முதலாளி வந்து சேர்ந்தார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தவர். குடும்பத்தோடு பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். கையில் ஒரு வாட்ச். கூடு, பட்டை, முகப்பு எல்லாமே தங்கம். நிலாவில் முதன்முதலாக மனிதன் இறங்கியதன் ஞாபகார்த்தமாக வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கொஞ்சமே கொஞ்சம் செய்ததாம். அமெரிக்காவில் டாக்டராக இருந்த அவருடைய மைத்துனன் வாங்கி வந்தானாம். வல்லிநாயகத்திடம் தேய்த்துக்கொள்ள வந்த முதலாளி அதைக் கழற்றினதும் உடனே பைக்குள் போடவில்லை. பாறையில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டினார். திருப்பிப் பிடித்தால் வாட்சின் முதுகில் ஒரு காலடி. வரிவரியாக அடிப்பாகம் போட்ட பூட்ஸ் காலடி. நிலா மண்ணில் பதிந்த தடமாம் அது.

தேய்க்கிறவர்களில் மூத்தவர் நல்லக்கண்ணு. அவர் அதைக் காதருகே வைக்கச் சொல்லிக் கேட்டு, "ஆத்தாடி, என்னமா ஓடுது!" என்று வாயைப் பிளந்தார். வல்லிநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கையெடுத்துக் கும்பிடுத சந்திரன் மேல செருப்புக் காலோட ஏறுனதுமில்லாம, அந்தக் காலடியத் தங்கத்துல வேற அடிச்சு வச்சிருக்கானா? வெளங்குமா இது?" என்றார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே வாட்சைப் பைக்குள் போட்டார். குளித்து முடித்து எடுத்துக் கட்டிக்கொண்டு போனார். ஒரு குறையும் இல்லை.

வினை மறுநாள் வந்தது. முதலாளி மறுநாளும் வல்லிநாயகத்திடமே தேய்த்துக்கொண்டார். குளித்துவிட்டு ஈரம் சொட்ட வந்து பைக்குள் கையை விட்டார். மோதிரம் வந்தது. வாட்ச் வரவில்லை.

"எங்க என் வாட்சு?"

"இன்னைக்கு நீங்க வாட்சு போடவே இல்லயே மொதலாளி. மோதிரம் ஒண்ணுதான போட்டீங்க?"

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. சத்தம் போட்டார். கூட்டம் கூடியது. நல்லக்கண்ணு முன்னால் வந்து நின்று, "நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். தங்க வாட்ச அவரு பைக்குள்ள போட்டாரு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்தது நிஜம். பார்த்தது முந்தின நாள் என்பதுதான் அவர் புத்தியில் இல்லை. அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் அதையே சொன்னார்கள். தங்கம் என்று வந்துவிட்டால் மனுசனுக்கு நாளும் கிழமையும் மறந்து போகிறது, என்ன செய்ய? முதல் நாள் வல்லிநாயகம் அந்த வாட்சைப் பார்த்துக் கோபப்பட்டதுகூட, அப்போதே அதன் மேல் கண் வைத்துவிட்டதற்கு அத்தாட்சியாக ஆகிப்போனது.

அந்தப் பாறையிலேயே அவர் வேட்டியை உதறச் சொல்லி உதறிப் பார்த்தார்கள். கோவணத்தை அவிழ்க்கச் சொன்னார்கள். அவர் அப்பன் காலத்திலிருந்து வருகிற வாடிக்கைக்காரர்கள், ஈரத்துண்டோடு சுற்றி நின்று, வேடிக்கை பார்த்தார்கள். வல்லிநாயகம் ஒருவனை அறைந்தார். இரண்டு பேர் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். போலீஸுக்குப் போகிறேன் என்று முதலாளி கிளம்பியதும் தேய்க்கிறவர்கள் எல்லோரும் குறுக்கே போய் மறித்தார்கள். ஒரு பையில் களவு என்றால் எல்லாப் பையும் களவுதான். நாளைக்கு எவன் வந்து வாட்சைக் கழற்றிக் கொடுப்பான்?

"மொதலாளி, ஸ்டேஷன் வேண்டாம். நாங்க சத்தியம் வாங்கித் தாரோம்" என்று நல்லக்கண்ணு கும்பிட்டார்.

"சூடத்த ஏத்துங்க. அணைக்கேன்" என்றார் வல்லிநாயகம்.

"சூடம் எந்தப் பயலும் அணைப்பான். பிள்ளயத் தாண்டுதியாலே?" என்று கேட்டார் நல்லக்கண்ணு.

பிள்ளையைத் தாண்டுகிற சத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையைச் சாமிக்கு முன்னால் தரையில் கிடத்தி, நான் செய்யவில்லை என்று சொல்லி, அதன் மேலாகக் காலைத் தூக்கித் தாண்டிப் போவது. சொன்னது பொய்யாக இருந்தால் அந்தச் சத்தியம் பிள்ளையைப் பிடிக்கும். சும்மா படுத்திருக்கிற பிள்ளையை யாராவது தெரியாமல் தாண்டிவிட்டாலே, "பிள்ள வளராது, திரும்பத் தாண்டு" என்று தாய்மார்கள் கத்துகிற ஊர் அது. விளையாட்டுக்குத் தாண்டினதைத் திரும்பத் தாண்டிச் சரிசெய்துவிடலாம். சத்தியத்துக்குத் தாண்டினதைத் திரும்பத் தாண்டக் கூடாது. தாண்டினால் சத்தியம் முறிந்தது, களவை ஒப்புக்கொண்டது என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் வல்லிநாயகத்தின் தெருக்கோடியில் இருக்கிற மாடன் கோவிலில் கூடினார்கள். வல்லிநாயகத்தின் மனைவி உலகம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரே பிள்ளை. குற்றாலத்து அம்மன் பெயரை வைத்துக் குழல்வாய்மொழி என்று கூப்பிட்டார்கள். வீட்டில் குழலி. ஐந்து வயசு. விளையாடிக் களைத்து அம்மா தோளிலேயே தூங்கிப்போயிருந்தாள்.

"சூடம் அணைங்க, தீய மிதிங்க, என்ன வேண்டாலும் செய்யுங்க. என் பிள்ளயக் கீழ போட மாட்டேன்" என்றாள் உலகம்மாள்.

"எடுத்தவன்லாட்டி பயப்படணும்? எடுக்காதவனுக்கு என்னட்டி பயம்?" என்று கத்தினார் வல்லிநாயகம். பிள்ளையை அவள் தோளிலிருந்து பிடுங்கினார். துண்டை விரித்துக் கிடத்தினார். பிள்ளை முழிக்கக்கூட இல்லை. விரலை வாயில் போட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தது. "மாடன் மேல ஆணை, நான் எடுக்கல" என்று சொல்லிவிட்டு வல்லிநாயகம் காலைத் தூக்கித் தாண்டினார். அந்தக் காலில் ஒரு நடுக்கமும் இல்லை. கோபத்தில் இருக்கிறவன் காலுக்கு நடுக்கம் ஏது?

"தாண்டிட்டீங்கல்லா? போதும், திரும்பத் தாண்டிருங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்" என்று உலகம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

சங்கரபாண்டி முதலாளி மறுநாள் காலையில் காரில் ஏறும்போது, "சரி, போனது போகட்டும். ஏழை ஜனங்க" என்று நல்லக்கண்ணுவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். எவ்வளவு பெரிய மனசு! இந்த மாதிரிப் பெரிய மனசுகளை நாலு தெருவுக்கு ஒன்றாக நிறுத்தி வைத்து வைய வேண்டும்.

அதோடு முடிந்திருந்தாலும் போகட்டும். அடுத்த வருஷம் சாரல் ஏமாற்றிவிட்டது. ஆனி போய் ஆடி வந்தது. பெரிய அருவியில் தண்ணீர் குழந்தை மூத்திரம் போகிற மாதிரி வடிந்தது. ஆட்கள் வந்து பார்த்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பிப் போனார்கள். பாறையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பேச ஒரு விஷயம் வேண்டும் அல்லவா? பொய்ச் சத்தியம் செய்தவன் கால் பட்ட பாறை, அதனால்தான் அருவி கோபித்துக்கொண்டது என்று ஒருவன் ஆரம்பித்தான். பொழுது சாய்வதற்குள் அது வேதவாக்காகிவிட்டது. கடலில் மேகம் கூடாததற்கு வல்லிநாயகத்தின் கால் பொறுப்பு. அவரைப் பாறையை விட்டு இறங்கச் சொன்னார்கள். அவர் இடத்தில் நல்லக்கண்ணுவின் தங்கச்சி மகன் துண்டை விரித்தான்.

அதற்கு அடுத்த வருஷம் சாரல் கொட்டோ கொட்டு என்று கொட்டியது. அப்போது, வல்லிநாயகம் சொன்னது நிஜம் போலிருக்கிறது என்று ஒரு வாயாவது திறந்ததா? திறக்கவில்லை. 'அவனை இறக்கினதும் பார்த்தாயா, தண்ணீர் வந்துவிட்டது' என்றுதான் பேசினார்கள். இப்படிப்பட்ட புத்திக்கு மருந்து எந்த மலையிலும் கிடையாது.

வல்லிநாயகம் தென்காசி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். வீரகேரளம்புதூர்ப் பக்கம் கிணறு வெட்டப் போனார். போன இடத்தில் எல்லாம் யாருடனாவது சண்டை. கடைசியில் பழைய குற்றாலத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து திரும்பவும் எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். அந்த அருவிக்கு அப்போது அவ்வளவு கூட்டம் வராது. இத்தனையிலும் கழுத்துப் பையை மட்டும் அவர் கழற்றவில்லை. மூட்டை தூக்கும்போதும் தொங்கியது, கிணற்றுக்குள் இறங்கும்போதும் தொங்கியது. கழற்றினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பார்.

குழலி வளர்ந்தாள். வளர்ந்தாள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். அவள் வயசுப் பிள்ளைகளின் தோளுக்குத்தான் வந்தாள். வல்லிநாயகத்தைப் பெற்றவளும் அதே உயரம்தான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை எவரும் சொல்லவில்லை. "தாண்டின பிள்ளை" என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் போதும், தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து வாசலில் நின்று, "பிடிச்சிட்டோ?" என்று ஆசையாக விசாரிப்பார்கள். காய்ச்சல் தணிந்து அவள் எழுந்து நடமாடினால் ஏமாந்த முகத்தோடு போவார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. பிடித்திருக்கிறது என்று சொல்லிக் காபி குடித்தார்கள். போகிற வழியில் கடையில் ஒரு டீயும் குடித்தார்கள். அந்த டீக்கடையில் என்ன கேட்டார்களோ, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகமே யாரும் கொடுக்கவில்லை.

குழலி வீட்டு நிலைப்படியில் உட்கார்ந்து பீடி சுற்றினாள். உட்கார்ந்தால் குட்டை தெரியாது. அவளுக்கும் கோபம் உண்டு. அப்பாவுடையதைப் போல அது சத்தம் போடாது. அவருக்குச் சோற்றை வைத்துவிட்டு எதிரில் நிற்காமல் போய்விடுவாள். வல்லிநாயகம் அதைக் கவனித்ததே இல்லை. அவருக்கு வைய வேண்டிய ஆட்கள் வெளியே அத்தனை பேர் இருந்தார்கள்.

உலகம்மாள் வருஷா வருஷம் ஆடியில் கெஞ்சுவாள். "யாருக்கும் தெரியாண்டாம். வீட்டுக்குள்ள வச்சு, அவ தூங்கும்போது, திரும்பத் தாண்டிருங்க. பிள்ள கரையேறட்டும்."

"நான் களவாணின்னு ஒத்துக்கிடணுமாட்டி? செத்தாலும் மாட்டேன்" என்று அவர் எரிந்து விழுவார். அந்த வாட்ச் என்றைக்காவது எங்கேயாவது தலைகாட்டும், அன்றைக்குத் தாண்டுவேன் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு எண்பத்தாறாம் வருஷத்துச் சாரலில் தானாக நடந்து வந்தது. பெரிய அருவியில் கூட்டம் நெரிந்ததால் வெளியூர் ஆட்கள் பழைய குற்றாலத்துக்குக் காரைத் திருப்பினார்கள். மெட்ராஸ் சிநேகிதர் ஒருவரோடு வந்து இறங்கிய கனத்த மனிதர் வல்லிநாயகத்துக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது, தொந்தி சரிந்திருந்தது. கையிலிருந்த வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"பத்திரம் வேய். வெல மதிக்க முடியாத சாமான்."

போட்ட வேகத்தில் அது திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு விழுந்தது. வரிவரியான பூட்ஸ் காலடி. வல்லிநாயகத்துக்கு ஒரு நிமிஷம் அருவிச் சத்தமே கேட்கவில்லை. குனிந்து ஆளைப் பார்த்தார். சங்கரபாண்டி முதலாளி. முதலாளிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு சிநேகிதரிடம் பேசத் தொடங்கினார்.

"நான் இப்ப விண்வெளி வாட்சாவே சேத்துக்கிட்டு வாரேன். ரஷ்யாக்காரனும் அமெரிக்காக்காரனும் மேல போயிக் கை குடுத்தாம்லா, அதுக்கு ஒரு வாட்சு வந்துச்சு. நம்ம நாட்டாளு மேல போனதுக்கு ஒண்ணு. எல்லாம் வீட்டுல வெல்வெட் பெட்டில இருக்கு. ஆனா இதுதான் மொத வாட்சு. இதுக்கு ஒரு பெரிய கத உண்டு, கேளுங்க. ரொம்ப வருசத்துக்கு முந்தி இங்கனயே இது தொலஞ்சு போச்சுன்னு நான் பண்ணுன ரகள இருக்கே! எண்ண தேய்க்கவன் ஒருத்தனப் பிடிச்சு, கோவணம் வரைக்கும் அவுத்து, கோவில்ல வச்சுச் சத்தியம் வேற வாங்கி... கடைசில வீட்டுக்குப் போயி டிரங்குப் பெட்டியத் தொறந்தா, எங்க வீட்டுக்காரி பட்டுச்சேலைக்குள்ள சுத்தி வச்சிருக்கா!"

சிரித்தார். அவர் முதுகு வல்லிநாயகத்தின் உள்ளங்கைகளுக்குக் கீழே குலுங்கியது. சிநேகிதரும் சிரித்தார்.

"பொறவு?" என்று கேட்டார் வல்லிநாயகம்.

"என்ன பொறவு?"

"அந்த எண்ண தேய்க்கவனுக்குச் சொல்லி விட்டீரா?"

"அட போவும் வேய். அவன எவன் தேடிக்கிட்டு அலைவான்? அதான் வாட்சு கெடச்சிட்டுல்லா!"

ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். குற்றாலத்துக்கு வருகிற நூறு பேரில் ஒருவனிடம் ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாம். பதின்மூன்று வருஷம்! வல்லிநாயகத்தின் இரண்டு கட்டைவிரலும் அப்போது அந்தப் பிடரியில்தான் இருந்தன. ஓர் அழுத்து அழுத்தினால் கதை முடிந்திருக்கும். ஏன் அழுத்தவில்லை என்று பிற்பாடு அவருக்கே தெரியவில்லை. எழுந்தார். பிறந்தது முதல் செய்யாத காரியத்தைச் செய்தார். எண்ணெய்க் கையைப் பைக்குள் விட்டு வாட்சை எடுத்தார். அந்தக் காலடியை ஒரு தடவை பார்த்தார். திரும்பப் பைக்குள் போட்டு, பை வாயை இறுக்கி முடிந்து, கிளம்பி நடந்தார்.

"ஏய், எங்க போற? வாட்சு! என் வாட்சு! களவாணி, களவாணி!"

வல்லிநாயகம் நின்று திரும்பினார். "ஆமா வேய், இப்ப எடுத்திருக்கேன். அன்னைக்கு எடுக்கல. இன்னைக்குத்தான் எடுத்திருக்கேன். வேணும்னா பொறத்தால வாரும்."

அப்போதுதான் முதலாளிக்கு ஆள் யார் என்று புரிந்தது. இடுப்பில் ஒரு துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, வழுக்கி வழுக்கி ஓடி வந்தார். வல்லிநாயகம் முதலாளி வந்த காரின் கதவைத் திறந்து பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். "இலஞ்சிப் பாதைக்கு விடச் சொல்லும். அங்கன வந்து ஒரு வார்த்த சொன்னீருன்னா வாட்சு ஒமக்கு. இல்லன்னா தாமிரவருணிக்கு" என்றார். வேறு வழியில்லாமல் முதலாளி பக்கத்தில் ஏறினார். புதுசாகத் தைத்துப் போட்ட வெள்ளைச் சீட் உறை இரண்டு பேர் எண்ணெயிலும் நாசமானது.

மாடன் கோவில் முன்னால் கார் நின்றதும் தெருவே கூடிவிட்டது. நல்லக்கண்ணுவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். கண் மங்கி, கம்பு ஊன்றி நடக்கிற காலம் அவருக்கு. வல்லிநாயகம் பையை உயர்த்திப் பிடித்து, "சொல்லும்" என்றார்.

முதலாளி கூச்சப்படவில்லை. "ஆமாய்யா, வாட்சு வீட்டுலதான் இருந்துச்சு. இந்த ஆளு எடுக்கல. போதுமா? இப்ப அதுக்கு என்ன? ஏதாவது குடுத்திருதேன்" என்று சொல்லி, பழக்கத்தில் சட்டைப் பையைத் தடவினார். சட்டை ஏது? கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்கிற மாதிரி அவ்வளவு லேசாக அவர் சொல்லிவிட்டார். வல்லிநாயகம் இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை அது. அது காதில் விழுந்தும் அவருக்குக் கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

"நான் பாத்தது நெசந்தான்" என்று முணுமுணுத்தார் நல்லக்கண்ணு. "ஒருவேள முந்தின நாளோ என்னமோ. விடுலே, பழைய கத. ஒம் பேரு சுத்தமாயிட்டுல்லா?"

"பழைய கதையா? அருவில தண்ணி வராததுக்கு என்னயச் சொன்னியளே, வாயி புழுத்துப் போவாதா ஒங்களுக்கு! எவனெவன் என்ன சொன்னியளோ அவனவன் இங்கன நில்லுங்கலே, இன்னும் முடியல!" என்று கத்தினார் வல்லிநாயகம். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "குழலி! ஏட்டி குழலி!" என்று கூப்பிட்டார்.

உலகம்மாள் ஓடி வந்தாள். பின்னால் குழலி வந்தாள். பாதி சுற்றின பீடியை விரலில் பிடித்தபடியே வந்திருந்தாள். வல்லிநாயகம் இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறிச் சாமிக்கு முன்னால் விரித்தார். பழைய இடம்தான்.

"வாம்மா, இதுல படு. எல்லாப் பயலும் பாக்கட்டும். திரும்பத் தாண்டிருதேன். இனி எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

உலகம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "படுட்டி, என் ராசாத்தி, படுட்டி" என்று மகளின் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

குழலி அசையவில்லை. அப்பாவிடம் வந்து கையை நீட்டினாள். அவர் வாட்சை எடுத்துக் கொடுத்தார். அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இதுதானா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அதை முதலாளியிடம் நீட்டினாள். அவர் வாங்கித் துண்டில் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் படுக்க மாட்டேன்" என்றாள் குழலி.

"ஏன்ட்டி?" என்றார் வல்லிநாயகம்.

"அன்னைக்கு நான் தூங்கிக்கிட்டிருந்தேன். என்ட்ட யாரும் கேக்கல. இன்னைக்கு முழிச்சிருக்கேன்."

"ஒனக்காகத்தானட்டி..."

"எனக்காகவா?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதனால் கடைசியில் நின்றவனுக்கும் கேட்டது. "இவரு வாட்சுக்காகத் தாண்டுனீங்க. அம்ம வருசா வருசம் கால்ல விழுந்து கேட்டா. ஒங்க பேருக்காகத் திரும்பத் தாண்டல. இப்பம் ஒங்க பேரு வந்துட்டு, அதனால தாண்ட வாறீங்க. இதுல எனக்கு என்ன இருக்கு? எல்லாரும் ஏன் எம் மேலயே நடக்கீங்க?"

அவள் திரும்பி வீட்டுக்கு நடந்தாள். உலகம்மாள் புருஷனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மகள் பின்னால் போனாள். வல்லிநாயகம் விரித்த துண்டுக்கு இந்தப் பக்கம் நின்றார். வாயைத் திறந்தார். எப்போதும் தயாராக வந்து நிற்கிற வசவு ஒன்றுகூட வரவில்லை. வைவதற்கு ஆள் இல்லாமல் போனதும் முதல் தடவையாக அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்தத் தோளிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினது யார் கை என்று அப்போதுதான் உறைத்தது.

முதலாளி வாட்சைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "என்ன வேய், பாதி முதுகுதான் தேய்ச்சிருக்கீரு. மிச்சத்தயும் முடிச்சு விடுதீரா?" என்றார். வல்லிநாயகம் குனிந்து துண்டை எடுத்தார். கழுத்துப் பையைக் கழற்றி நல்லக்கண்ணுவின் கையில் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

குழலி வழக்கம்போல நிலைப்படியில் உட்கார்ந்து பீடித்தட்டை மடியில் வைத்திருந்தாள். இரண்டு காலையும் வாசலுக்குக் குறுக்கே நீட்டியிருந்தாள். தினமும் அப்படித்தான் உட்காருவாள். தினமும் அவர் வைதுகொண்டே அந்தக் காலைத் தாண்டி உள்ளே போவார். இன்றைக்கு வாசலில் வந்து நின்றுவிட்டார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பில் எண்ணெய் காய்கிற வரைக்கும் நின்றார்.

"கொஞ்சம் கால மடக்குதியாம்மா?" என்று கேட்டார்.

குழலி கையிலிருந்த பீடியைச் சுற்றி முடித்தாள். அதன் தலையை மடித்து, நூல் கட்டி, தட்டில் போட்டாள். அதற்குப் பிறகு காலை மடக்கினாள்.